நோட்டை மாற்றி எழுத மறுத்தபோது

1985 ஆகஸ்ட் 27 அன்று தென்னாப்பிரிக்க அரசு தன் பங்குச் சந்தையைத் தானே இழுத்து மூடியது. அந்நியச் செலாவணி வியாபாரமும் நின்றது. 1980இன் தொடக்கத்தில் அந்நாட்டு நாணயமான ரேண்ட் ஒன்றுக்கு ஒரு டாலருக்கு மேல் கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது அது 35 சென்ட் அளவுக்கு இறங்கியிருந்தது. செப்டம்பர் 1 அன்று, வெளிநாட்டு வங்கிகளுக்குத் தர வேண்டிய அசலை இப்போதைக்குத் தர இயலாது என்று அரசு அறிவித்தது. பூமியைத் தோண்டினால் தங்கம் வரும் நாடு, கடன் வாங்கினால் ஒழுங்காகக் கட்டும் என்று வங்கிகளிடம் பெயர் வாங்கிய நாடு, கையை விரித்தது.

இதைச் செய்தது யார்? ஐ.நா. பாதுகாப்பு அவை அல்ல. 1977இல் அது கட்டாயமாக்கியது ஆயுதத் தடையை மட்டும்தான். கட்டாயப் பொருளாதாரத் தடை கடைசிவரை வரவே இல்லை. அமெரிக்கக் காங்கிரசின் தடைச் சட்டமும் அல்ல. அது அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் நிறைவேறியது. பிரிட்டனில் பிரதமர் தாட்சர், தடை என்ற பேச்சையே வெறுத்தார். ஆக, பணக்கார நாடுகளில் பெரியவை எதுவும் சட்டப்படி கதவை முழுதாக மூடாத நேரத்தில் தென்னாப்பிரிக்கத் தலைநகர் பிரிட்டோரியாவின் கஜானா காலியானது.

வங்கிகள் கைவிட்டன, அவ்வளவுதான், அரசியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. கறுப்பினத்தவரைச் சட்டம் போட்டு ஒதுக்கிய வெள்ளையர் ஆட்சியை நிறவெறி எதிர்ப்பு இயக்கம்தான் வீழ்த்தியது என்று மார்தட்டுபவர்களும் உண்டு. இரண்டு பேச்சிலும் இடையில் இணைக்கும் ஒரு கண்ணி விட்டுப்போகிறது. இயக்கம் செய்த வேலை, சட்டப் புத்தகத்தில் தடையாக ஏறுவதற்கு முன்பே, கடனின் தவணைக் காலமாக நாட்டுக்குள் நுழைந்துவிட்டது. இருபது ஆண்டு, பத்து ஆண்டு என்று கிடைத்துக்கொண்டிருந்த கடன், மூன்று மாதம், ஆறு மாதம் என்று சுருங்கியது. புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வட்டி எவ்வளவு ஏறினாலும் சமாளிக்கலாம். கெடு முடியும்போது நோட்டை மாற்றி எழுத மாட்டேன் என்று கடன் கொடுத்தவர் சொல்லிவிட்டால் சமாளிக்க முடியாது.

முதல் கணக்கு

தடையைத் தொடங்கிவைத்த முதல் அரசு இந்தியா. சுதந்திரத்துக்கும் முன்னால், 1946 ஜூலையில். நேட்டாலிலும் டிரான்ஸ்வாலிலும் இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரம்பு கட்டிய சட்டம் அந்த ஆண்டு வந்தது. அங்குள்ளவர்கள் அதை ‘கெட்டோ சட்டம்’ என்றே அழைத்தார்கள். கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர், தெலுங்கர் வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் இருந்த மண் அது. மான்ட்டி நாய்க்கரும் யூசுஃப் தாதூவும் தலைமை தாங்கிய அறப்போரில் ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். இந்தியா ஐ.நா.வில் புகார் கொடுத்தது, வணிகத்தையும் துண்டித்தது. அன்றைய இந்திய ஏற்றுமதியில் சுமார் 5.5 சதவீதம் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏழை நாட்டுக்கு அது சில்லறைக் காசு அல்ல. தென்னாப்பிரிக்காவை அது பணிய வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் விற்காவிட்டால் இன்னொருவர் விற்பார் என்ற பாடத்தை எல்லாருக்கும் முன்னால் கற்றது இந்தியாதான்.

அடுத்த தொடக்கம் மக்களிடமிருந்து வந்தது. 1959இல் கறுப்பினத்தவரின் விடுதலை இயக்கமான ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் உருளைக்கிழங்கைப் புறக்கணிக்கச் சொன்னது. ஏன் உருளைக்கிழங்கு? எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டு இல்லாமல் பிடிபட்ட கறுப்பினத்தவரைச் சிறைக்குப் பதிலாக பெத்தால் பகுதிப் பண்ணைகளுக்கு அனுப்பி, கோணிச் சாக்கை உடுத்தவிட்டு, வெறுங்கையால் கிழங்கு தோண்டவைத்த கதை வெளியே வந்திருந்தது. ஏழைகளின் அன்றாடச் சாப்பாடு அது. அதையே வேண்டாம் என்றார்கள். கடைகளில் கிழங்கு குவிந்து கிடந்தது.

அதே ஆண்டு ஜூன் 26, லண்டன் ஹோல்பர்ன் ஹால். டாங்கனிக்காவின் (இன்றைய தான்சானியாவின் பகுதி) ஜூலியஸ் நைரேரேயும் பாதிரியார் டிரெவர் ஹடில்ஸ்டனும் பேசிய கூட்டத்தில் ‘புறக்கணிப்பு இயக்கம்’ பிறந்தது. பின்னாளில் நிறவெறி எதிர்ப்பு இயக்கமாக வளர்ந்தது இதுதான். இதை ஆரம்பத்தில் உருட்டித் திரட்டியவர்களில் ஒருவர் வெல்லா பிள்ளை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், பெயரிலேயே தமிழ் வேர் தெரிகிறது. வெள்ளை இனப் பெண்ணை மணந்தவர். கலப்பு மணத்தைத் தடைசெய்த சட்டம் வந்த 1949ஆம் ஆண்டிலேயே மனைவியோடு லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு வேலை ஒரு வங்கியில், சீன வங்கியின் லண்டன் கிளையில். பணம் எப்படி நகரும் என்று தெரிந்த ஒருவர் இயக்கத்தின் தொட்டிலருகே இருந்தார் என்பது, கதையின் முடிவைத் தெரிந்தவர்களுக்குச் சுவையான விவரம்.

பழம், ஷெரி மது, சிகரெட். தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் இவற்றை வாங்காதீர்கள் என்று பிரிட்டிஷ்காரர்களிடம் சொன்னார்கள். 1960 மார்ச் மாதத்தைப் புறக்கணிப்பு மாதமாக அறிவித்திருந்தார்கள். அந்த மாதம் 21ஆம் தேதி ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். பழத்தைப் பற்றிய பேச்சு ஒரே நாளில் வேறு எடை பெற்றது.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு வெளிநாட்டு முதலீடு பயந்து ஓடியது. அரசு 1961இல் மூலதனத்தை வெளியே எடுத்துப்போகக் கட்டுப்பாடு போட்டது. ஆனால் அமெரிக்க வங்கிகளின் கூட்டமைப்பு ஒன்று, கட்டியதை மறுபடி எடுத்துக்கொள்ளும் சுழல்கடன் கொடுத்துக் கைதூக்கிவிட்டது. அதில் சேஸ் மன்ஹாட்டன் வங்கியும் இருந்தது. 1965 மார்ச்சில் மாணவர்கள் நியூயார்க்கில் அந்த வங்கியின் தலைமை அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். சுமார் நாற்பது பேரைப் போலீஸ் தூக்கிப்போனது. 1969இல் அந்தச் சுழல்கடன் ஏற்பாடு முடிவுக்கு வந்தது. சேஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு கழித்து மறுபடி வரும்.

எண்ணெய்

தென்னாப்பிரிக்காவிடம் நிலக்கரி உண்டு, தங்கம் உண்டு, யுரேனியம் உண்டு. எண்ணெய் மட்டும் இல்லை. ஆகவே எண்ணெய்த் தடைதான் கழுத்தைப் பிடிக்கும் என்று பலரும் நம்பினார்கள். 1973 நவம்பரில் அரபு நாடுகள் விற்பதை நிறுத்தின. ஈரானின் ஷா தொடர்ந்து விற்றார். 1979 புரட்சியில் அவர் போனதும் அந்தக் குழாயும் அடைபட்டது.

அதற்குப் பிறகு நடந்தது கடத்தல் வியாபாரம். 1980 ஜனவரி 17 அன்று ‘சேலம்’ என்ற பெயருள்ள எண்ணெய்க் கப்பல் செனகல் கடற்கரைக்கு அப்பால் மூழ்கியது. (நம் சேலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.) குவைத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கச்சா எண்ணெய் ஏற்றிப்போவதாகக் கணக்கு. மாலுமிகள் எல்லாரும் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள். திடீரென்று முழுகிய கப்பலிலிருந்து தப்பியவர்கள் கையில் அடுக்கிக் கட்டிய பெட்டியும், சாப்பிட சாண்ட்விச்சும் இருந்தன. அத்தனை பெரிய கப்பல் மூழ்கிய இடத்தில் எண்ணெய்ப் படலம் பெரிதாகப் பரவவும் இல்லை. விசாரித்தபோது வெளியே வந்தது: வழியிலேயே டர்பன் துறைமுகத்தில் சுமார் 1,80,000 டன் எண்ணெயைத் திருட்டுத்தனமாக இறக்கிவிட்டு, தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி, கப்பலை வேண்டுமென்றே மூழ்கடித்திருந்தார்கள். காப்பீட்டுப் பணமும் பார்க்கலாம், எண்ணெய்க்கும் காசு வாங்கலாம் என்ற திட்டம்.

அதே 1980இல் ஆம்ஸ்டர்டாமில் ‘கப்பல் ஆய்வு நிலையம்’ ஒன்றைத் தொடங்கினார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் ஆட்கள் சிலர்தான். கப்பல் நடமாட்டப் பதிவேடுகளை உட்கார்ந்து படிப்பதுதான் வேலை. பாரசீக வளைகுடாவிலிருந்து கிளம்பிய கப்பல், போவதாகச் சொன்ன துறைமுகத்தில் பதிவாகவில்லை. சில வாரம் கழித்துக் காலியாக மறுபடி வளைகுடாவில் நிற்கிறது. நடுவில் எங்கே போயிருக்கும்? நாட்களைக் கூட்டிக் கழித்தால் விடை டர்பன் அல்லது கேப் டவுன். கப்பல்கள் பெயரைத் துணியால் மூடிக்கொண்டு துறைமுகம் நுழைந்தன என்ற தகவலும் சேரும். இப்படி ஒவ்வொரு கப்பலாக அடுக்கி, முதலாளி பெயரோடு அச்சிட்டு வெளியிட்டார்கள்.

எண்ணெய் நின்றதா என்றால், இல்லை. மார்க் ரிச் போன்ற தரகர்கள் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆனால் என்ன விலைக்கு? 1973 முதல் 1984 வரை, வழக்கமான விலையைவிட 2,200 கோடி ரேண்ட் கூடுதலாக எண்ணெய்க்குக் கொடுக்க நேர்ந்தது என்று அதிபர் பி.டபிள்யூ. போத்தாவே 1986இல் சொன்னார். ஒரு கட்டத்தில் கையிருப்பு ஒரு வாரத்துக்குத்தான் இருந்தது என்றும் சொன்னார். நிலக்கரியிலிருந்து பெட்ரோல் காய்ச்ச செகுண்டாவில் கட்டிய சாசோல் ஆலைகளின் செலவு தனி.

என் பார்வையில் இந்த எண்ணெய்க் கதைதான் தடை என்பது என்ன என்று சரியாகக் காட்டுகிறது. ‘தடை வேலை செய்யவில்லை, எல்லாம் கிடைத்தது’ என்று சொல்பவர்கள் சரக்கு வந்ததைப் பார்க்கிறார்கள், ரசீதைப் பார்ப்பதில்லை. அந்தப் பணம் எங்கிருந்தோ வர வேண்டும். பெரும்பகுதி கடனாக வந்தது.

ஹென்றி தெரு

1984 ஜூலை 19, டப்ளின் நகரம், ஹென்றி தெருவிலுள்ள டன்ஸ் கடை. பில் போடும் இடத்தில் 21 வயது மேரி மேனிங். ஒரு வாடிக்கையாளர் இரண்டு கிரேப்ஃப்ரூட் பழங்களை வைத்தார். நம் பப்ளிமாஸ் சாதிதான், கொஞ்சம் சின்னது. அதில் ‘அவுட்ஸ்பான்’ என்ற தென்னாப்பிரிக்க முத்திரை. தென்னாப்பிரிக்கச் சரக்கைத் தொட வேண்டாம் என்று தொழிற்சங்கம் சொல்லியிருந்தது. மேனிங் பில் போட மறுத்தார். மேலாளர் வந்தார். பணியிடை நீக்கம் செய்தார். கடைப் பிரதிநிதி கேரன் கியரனும் மற்றத் தோழிகளும் கூடவே வெளியேறினார்கள். ஒன்பது பெண்கள், ஒரு ஆண். பிறகு இன்னொருவர் சேர்ந்துகொண்டார்.

மேனிங் பின்னாளில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு: அன்றைக்கு நிறவெறி என்றால் என்னவென்று அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. சங்கம் சொன்னது, செய்தோம், இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். மறியலில் நின்ற சில நாட்களில் நிம்ரோட் செஜாகே என்ற தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கவாதி, நாடு கடந்து அங்கே வாழ்ந்தவர், அவர்களோடு வந்து நின்றார். அவர்தான் சொல்லிக்கொடுத்தார். தெருவோரப் பள்ளிக்கூடம் என்று சொல்லலாம்.

இரண்டு வாரம் இரண்டே முக்கால் ஆண்டானது. வேலைநிறுத்தப் படி வாரம் 21 பவுண்டு. 1984 டிசம்பரில், நோபல் பரிசு வாங்கப் போகும் வழியில் தென்னாப்பிரிக்கக் கறுப்பின ஆயர் டெஸ்மண்ட் டூட்டு லண்டனில் அவர்களைச் சந்தித்தார். அதற்குப் பிறகுதான் ஊர் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. 1985 ஜூலையில் டூட்டுவின் அழைப்பில் ஜோகன்னஸ்பர்க் போனவர்களை விமான நிலையத்திலேயே காவலில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். சில கடைத் தொழிலாளர்களுக்கு ஓர் அரசு பயந்தது என்று ஐரிஷ் செய்தித்தாள்களுக்குச் செய்தி கிடைத்தது. 1987இல் அயர்லாந்து தென்னாப்பிரிக்கப் பழம், காய்கறி இறக்குமதியைத் தடை செய்தது. டப்ளினில் இந்த நெருக்கடியைக் கட்டி இழுத்தவர்களில் காதர் அஸ்மாலும் ஒருவர். நேட்டாலில் பிறந்த இந்திய வம்சாவளியினர், டிரினிட்டி கல்லூரியில் சட்டம் கற்பித்தவர், ஐரிஷ் நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் நிறுவனர். பிற்பாடு மண்டேலா அமைச்சரவையில் இடம்பெற்றார்.

பணக் கணக்கில் பார்த்தால் இந்த வேலைநிறுத்தத்தால் பிரிட்டோரியாவுக்கு நஷ்டம் என்று எதுவும் இல்லை. அயர்லாந்து வாங்கிய பழம் கொசுறு. பிறகு ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? தென்னாப்பிரிக்காவோடு எந்தக் கொடுக்கல் வாங்கல் வைத்தாலும் தொல்லை வரும் என்பது இப்படித்தான் உலகத்துக்குப் புரிந்தது. பழக்கடைக்குத் தொல்லை. விளையாட்டுக் குழுவுக்குத் தொல்லை. பல்கலைக்கழக அறக்கட்டளைக்குத் தொல்லை. ஆண்டுக் கூட்டத்தில் கன்னியாஸ்திரிகள் எழுந்து நின்று பங்குதாரர் என்ற முறையில் கேள்வி கேட்டால் வங்கித் தலைவருக்குத் தொல்லை. தொல்லைக்கும் ஒரு விலை உண்டு. இயக்கம் அந்த விலையை ஏற்றிக்கொண்டே போனது.

வங்கிக்கு வந்த தொல்லை

அமெரிக்காவில் அந்த விலையை ஏற்றியதில் நகராட்சிகளுக்கும் மாநிலங்களுக்கும் பெரிய பங்கு. வெள்ளை மாளிகையில் ரீகன் ‘ஆக்கபூர்வத் தொடர்பு’ என்ற பெயரில் போத்தாவோடு இணக்கமாக இருந்தார். எனவே பிரச்சாரகர்கள் வாஷிங்டனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மாசசூசெட்ஸ் 1983இல், ஆளுநரின் மறுப்பையும் மீறி, தன் ஓய்வூதிய நிதியைத் தென்னாப்பிரிக்கத் தொடர்புள்ள நிறுவனங்களிலிருந்து எடுக்கச் சட்டம் போட்டது. பத்தாண்டு முடிவதற்குள் 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் இதைப் பின்பற்றின. சில நகரங்கள், தென்னாப்பிரிக்காவுக்குக் கடன் கொடுக்கும் வங்கியில் எங்கள் பணத்தைப் போட மாட்டோம் என்றன. ஒரு பெரிய நகரத்தின் கணக்கைக் கையில் வைத்திருப்பது வங்கிக்குக் கொழுத்த வியாபாரம். தென்னாப்பிரிக்கக் கடனில் வரும் லாபம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

1984 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் வால் பகுதியிலுள்ள கறுப்பினக் குடியிருப்புகள் வாடகை உயர்வை எதிர்த்துக் கொந்தளித்தன. கிளர்ச்சி நாடு முழுவதும் பரவியது. நவம்பர் 21 அன்று அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்களான ராண்டல் ராபின்சன், மேரி ஃபிரான்சிஸ் பெர்ரி, வால்டர் ஃபான்ட்ராய் மூவரும் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரைப் பார்க்கப் போனார்கள். பேசி முடித்ததும் எழுந்திருக்கவில்லை. போலீஸ் வந்து கைது செய்தது. மறுநாள் அமெரிக்காவில் நன்றி நவிலும் விடுமுறை. செய்தி இல்லாமல் தவிக்கும் நாள். தேதியை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நாள் தவறாமல் தூதரகத்துக்கு வெளியே கூட்டம், கைது. கொரெட்டா ஸ்காட் கிங், ஆர்தர் ஆஷ் என்று தெரிந்த முகங்கள் விலங்கு மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறியதை ஓராண்டுக்கு மேல் தொலைக்காட்சி காட்டிக்கொண்டிருந்தது.

இப்போது கடன் பக்கம். 1976இல் சொவெட்டோவில் மாணவர்களைப் போலீஸ் சுட்ட படுகொலைக்குப் பிறகு நீண்ட காலக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. 1980 ஜனவரியில் அவுன்சு 850 டாலர் வரை போன தங்கம், அதன் பிறகு சரிந்துகொண்டே வந்தது. பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) 1982 நவம்பரில் சுமார் 110 கோடி டாலர் கொடுத்தது. அந்தக் கடனைப் பற்றி எழுந்த கூச்சலில், நிறவெறிக்குத் துணைபோகும் கடனை நிதியத்தில் அமெரிக்கப் பிரதிநிதி எதிர்க்க வேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸ் 1983இல் சட்டம் போட்டது. அந்தக் கதவும் பாதி மூடியது. மிஞ்சியது வங்கிக்கு வங்கி கொடுக்கும் குறுகிய காலக் கடன். நம் பாஷையில் கைமாற்று. தென்னாப்பிரிக்க வங்கிகள் அதை வாரி வாரி வாங்கின. கெடு வரும்போது புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. 1985இல் வெளிநாட்டுக் கடன் சுமார் 2,400 கோடி டாலர்; அதில் ஏறத்தாழ 1,400 கோடி ஓராண்டுக்குள் திருப்ப வேண்டியது. கைமாற்றில் காசு வாங்கி மாடிவீடு கட்டியவரின் நிலை.

1985 ஜூலை 20இல் போத்தா நெருக்கடி நிலை அறிவித்தார். ஜூலை 31 அன்று சேஸ் மன்ஹாட்டன் கடனைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுத்தது. இருபது ஆண்டுக்கு முன் மாணவர்கள் வாசலில் உட்கார்ந்த அதே வங்கி. மனசாட்சி உறுத்தி எடுத்த முடிவு என்று யாரும் சொல்லவில்லை. நாட்டில் கலவரம், உள்ளூரில் நெருக்கடி, போட்ட பணத்துக்கு இவ்வளவு தலைவலி தேவையா என்ற கணக்கு. ஒரு பெரிய வங்கி வெளியேறினால் மற்றவை நின்று யோசிக்குமா? யார் கடைசியில் மாட்டுவது என்ற ஓட்டம் தொடங்கியது.

ஆகஸ்ட் 15 அன்று டர்பனில் போத்தா பேசுவார், பெரிய சீர்திருத்தம் வரும், மண்டேலா விடுதலைகூட அறிவிக்கப்படலாம் என்று அவருடைய வெளியுறவு அமைச்சரே உலகத்துக்கு ஆசை காட்டியிருந்தார். பல நாடுகளில் நேரடி ஒளிபரப்பு. போத்தா விரலை ஆட்டி ஆட்டி, எங்களை மிரட்டிப் பார்க்காதீர்கள் என்ற தொனியில் பேசி முடித்தார். அரசியல் பேச்சுகளில் இவ்வளவு விலை கொடுத்துப் பேசப்பட்டது வேறு எதுவும் எனக்குத் தெரியாது. ரேண்ட் மடமடவென்று விழுந்தது. பன்னிரண்டாம் நாள் சந்தை மூடல்.

தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கித் தலைவர் டி காக் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பறந்தார், வெறுங்கையோடு திரும்பினார். சுவிட்சர்லாந்து மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் ஃப்ரிட்ஸ் லியூட்வைலர் சமரசம் பேச வந்தார். அதைவிட முக்கியமான சந்திப்பு செப்டம்பர் 13 அன்று ஜாம்பியாவில் ஒரு வனவிலங்குப் பூங்கா விடுதியில் நடந்தது. நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான ஆங்கிலோ அமெரிக்கனின் தலைவர் கேவின் ரெல்லி, அரசு எச்சரித்தும் கேட்காமல், தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் ஆலிவர் தாம்போவைச் சந்தித்தார். கடன் நின்ற இரண்டு வாரத்தில் முதலாளி வர்க்கம் அடுத்த ஆட்சியாளரைத் தேடிப் போய்விட்டது.

சட்டம் வந்தது, சந்து பொந்துகளும்

1986இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய தடை மசோதாவை ரீகன் செப்டம்பர் 26 அன்று திருப்பி அனுப்பினார். பிரதிநிதிகள் சபை 313க்கு 83, செனட் 78க்கு 21 என்று வாக்களித்து அவரை மீறியது. மீறியவர்களில் அவர் கட்சிக்காரர்களும் நிறையப் பேர். புதிய முதலீடு, நிலக்கரி, இரும்பு, யுரேனியம், துணி, விவசாயப் பொருள், விமானத் தொடர்பு எல்லாம் தடைபட்டன. தங்கக்கட்டி தடைபடவில்லை. அமெரிக்க ஆயுதத் தொழிலுக்கு வேண்டிய கனிமங்களும் தடைபடவில்லை. நாட்டின் முக்கிய வருமானமான தங்கத்தைத் தொடாத தடையைப் பார்த்துப் பிரச்சாரகர்கள் சந்தோஷப்பட்ட அதே வேகத்தில் சலித்தும்கொண்டார்கள். மற்றவர்கள் விலகிய இடத்தை ஜப்பான் நிரப்பியது. 1987இல் தென்னாப்பிரிக்காவின் முதல் வணிகக் கூட்டாளி என்ற சங்கடமான பட்டம் அதற்குக் கிடைத்தது.

வெளியேறிய நிறுவனங்களின் கதையும் அப்படித்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1986இல் ஆலையை உள்ளூர் நிர்வாகிகளிடம் கொடுத்துவிட்டுப் போனது. பெயர்ப்பலகை மாறியது, கார் அதே கார். போர்ட் எலிசபெத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போகாதே என்று கேட்கவில்லை, போவதானால் எங்களுக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டுப் போ என்றார்கள். பார்க்லேஸ் வங்கி, பிரிட்டிஷ் மாணவர்கள் பதினைந்து ஆண்டுக்கு மேல் விரட்டிய வங்கி, 1986 நவம்பரில் தன் பங்கை விற்றது. வாங்கியவர்களில் முதன்மையானது ஆங்கிலோ அமெரிக்கன், அதுவும் மலிவாக. நிறுவன வெளியேற்றம் உள்ளூர் வெள்ளை முதலாளிகளுக்கு ஆடித் தள்ளுபடியாக அமைந்தது என்ற விமர்சனத்தை மறுப்பது கடினம்.

அடிபடுவது கறுப்பினத் தொழிலாளிதானே என்ற கேள்வி முதல் நாளிலிருந்தே இருந்தது. நிறவெறியை நாடாளுமன்றத்தில் தனியாளாக எதிர்த்த ஹெலன் சுஸ்மனே தடையை ஏற்கவில்லை. ஜூலு தலைவர் புத்தலேசியும் ஏற்கவில்லை. இவர்களைக் கைக்கூலிகள் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. ஆனால் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் அன்றைய தலைவர் ஆல்பர்ட் லுதுலி தொடக்கத்திலேயே பதில் சொல்லியிருந்தார்: எங்களுக்குக் கஷ்டம் வரும், அதில் சந்தேகமில்லை, ரத்தம் சிந்தும் காலம் அதனால் குறையுமானால் அந்த விலையைக் கொடுக்கத் தயார். கறுப்பினத் தொழிலாளர்களிடம் கருத்துக்கணிப்புகளும் எடுத்தார்கள். கேள்வியை எப்படிக் கேட்டார்களோ அதற்கேற்ப விடை மாறியது. தடை கோரிப் பேசினாலே சிக்கல் வரும் நாட்டில் எடுத்த கணிப்பு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1979இல் டென்மார்க் தொலைக்காட்சியில், எங்கள் நிலக்கரியை வாங்கவேண்டுமா என்ற பொருளில் டூட்டு பேசியதற்கு அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள்.

ஐ.நா.வில் இந்த வேலையை அலுக்காமல் செய்த இ.எஸ். ரெட்டியைப் பற்றி ஒரு வரியாவது எழுதாமல் விட முடியாது. நெல்லூர்ப் பக்கத்துக்காரர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1963 முதல் நிறவெறிக்கு எதிரான சிறப்புக் குழுவிலும், 1976 முதல் 1983 வரை அதற்கான மையத்தின் தலைமையிலும் இருந்தார். மேடையில் அதிகம் தெரியாத மனிதர். தீர்மானங்களையும் கூட்டங்களையும் தலைவர்களையும் தைத்துச் சேர்த்த ஊசி.

இறுதிக் கணக்கு

1985க்குப் பிறகு தென்னாப்பிரிக்கா கடனை வாங்கும் நாடாக இல்லை, கட்டும் நாடாகிவிட்டது. கட்ட வேண்டுமானால் ஏற்றுமதி இறக்குமதியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அதற்கு இறக்குமதிக்கு மேல்வரி, உயர்ந்த வட்டி, அடக்கிப் பிடித்த பொருளாதாரம். வளர்ச்சி மக்கள்தொகை பெருகும் வேகத்தைக்கூடத் தொடவில்லை. அதே பணத்தில் அங்கோலாவில் போர், குடியிருப்புகளில் ராணுவம், வெள்ளையர்களுக்கு வழக்கமான வசதி, கறுப்பினத்தவரைச் சமாதானப்படுத்தச் சீர்திருத்தம். எல்லாவற்றுக்கும் போதவில்லை. உள்நாட்டு எழுச்சி இல்லாமல் சேஸ் நகர்ந்திருக்காது. நியூயார்க்கிலும் டப்ளினிலும் தொல்லை இல்லாவிட்டால் நீண்ட காலக் கடன் இருந்திருக்கும், அந்த எழுச்சியை அரசு தாண்டியும் போயிருக்கும். எது எத்தனை சதவீதம் என்று பிரிப்பவர்களை நான் நம்புவதில்லை.

பிரச்சாரம் தோற்ற இடம் ஒன்றும் உண்டு. 1989இல், சுமார் 800 கோடி டாலர் நிலுவையைப் புதுப்பிக்காதீர்கள் என்று வங்கிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அக்டோபரில், கோலாலம்பூரில் காமன்வெல்த் மாநாடு கூடும் தறுவாயில், வங்கிகள் கையெழுத்துப் போட்டுவிட்டன. தென்னாப்பிரிக்காவுக்கு 1993 வரை மூச்சுவிட அவகாசம் கிடைத்தது. அதற்குள் போத்தாவுக்குப் பின் அதிபரான டி கிளார்க் 1990 பிப்ரவரி 2இல் தடைசெய்த கட்சிகளை அனுமதித்திருந்தார். 11ஆம் தேதி மண்டேலா வெளியே வந்திருந்தார்.

1993 செப்டம்பர் 24 அன்று மண்டேலா நியூயார்க்கில் ஐ.நா.வில் நின்று பொருளாதாரத் தடைகளை நீக்கக் கேட்டுக்கொண்டார். அதே மாதம் பழைய நிலுவைக்குக் கடைசி ஒப்பந்தம் பேசி முடிந்தது. நிறவெறி அரசு சாசோலுக்கும் எண்ணெய்க்கும் போருக்கும் வாங்கிய கடனை அடைக்கத் தேவையில்லை என்று வாதாடிய பிரச்சாரகர்கள் இருந்தார்கள். மண்டேலாவின் அரசு அதைத் தவணை தவறாமல் அடைத்தது.